புதுப்பிப்பு: கல்லீரலுக்கு நேரடிக் கீமோவா, வழக்கமான கீமோவா?

சித்தப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது, கல்லீரல் தமனியிலேயே மருந்து செலுத்தும் பம்ப் நல்லதா, வழக்கமான கீமோ நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டரிடம் பேசியாயிற்று.

பம்புக்கான காரணம் வலுவானதுதான். கல்லீரலுக்குப் பரவிய கட்டிகள் பெரும்பாலும் தமனி இரத்தத்தில்தான் பிழைக்கின்றன; நல்ல திசுவுக்குப் போர்ட்டல் சிரைதான் (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் இரத்தக்குழாய்) முக்கியம். பம்பில் போடும் ஃபிளாக்ஸுரிடின் என்ற கீமோ மருந்தில் பெரும்பகுதியை, அது முதல் தடவை கடக்கும்போதே கல்லீரல் பிடித்துக்கொள்கிறது. சிக்கலும் அங்கேதான், மற்ற இடங்களுக்கு மருந்து போதாது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பம்ப் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 24.4 மாதம், வழக்கமான கீமோ எடுத்தவர்களுக்கு 20. ஆனால் கல்லீரலுக்கு வெளியே நோய் பம்ப் குழுவில்தான் சீக்கிரம் தலைகாட்டியது: 7.7 மாதம், மற்ற குழுவில் 14.8. அதுவும் பழைய கீமோ முறையான ஃபுளூரோயுராசில், லியூகோவோரினோடு ஒப்பிட்டது. இன்றைய வழக்கமான கீமோ மருந்துக் கூட்டான ஃபோல்ஃபாக்ஸோடு அல்ல. பம்பில் பித்தநாளம் சுருங்கும் அபாயம் வேறு.

சித்தப்பாவுக்கு நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றன. அதனால் ஃபோல்ஃபாக்ஸ்தான் என்று முடிவாகிவிட்டது. நெஞ்சில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்ன அமைப்பு) வைத்தாயிற்று. 46 மணி நேரம் இறங்கும் மருந்து, சின்ன பாட்டிலில் இடுப்போடு வீட்டுக்கே வந்துவிடும். "இதைக் கட்டிக்கிட்டு மார்க்கெட் போகலாமா?" என்பதுதான் அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகச் சொன்னார் டாக்டர்.