வீட்டுக்கடன் தள்ளுபடியாம்!

குழு: நங்கநல்லூர் குடும்பம்
ஞாயிறு, இரவு 8.40

வள்ளி அத்தை: (ஃபார்வேர்டு) முக்கிய அறிவிப்பு!! வீட்டுக்கடன் வாங்கிய அனைவருக்கும் 6 மாதத் தவணை தள்ளுபடி. கீழே உள்ள லிங்க்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்யவும். 10 குழுக்களுக்கு அனுப்பவும் 🙏🙏

வள்ளி அத்தை: அண்ணா, இது நிஜமா?

பெரியப்பா: பொய். லிங்க்கைத் தொடாதே வள்ளி. எல்லோருக்கும் அழிந்துபோகிற மாதிரி அழித்துவிடு.

சித்தப்பா: கொரோனா சமயத்தில் 6 மாதம் கட்ட வேண்டாம் என்றார்களே அண்ணா. அதையே திரும்பக் கொண்டுவந்தாலும் வரலாம் இல்லையா?

பெரியப்பா: அது தள்ளுபடி இல்லையடா, தள்ளிவைப்பு. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் கடன் வாங்கியிருந்த ஒருவர் கணக்கைப் பார். 30 லட்சம், 8 சதவீதம், 20 வருடம். தவணை 25,093 ரூபாய். 6 மாதம் கட்டாமல் விட்டால் சுமார் 1,22,000 ரூபாய் அசலில் ஏறும். தவணைத் தொகையை மாற்றாமல் கட்டினால் 240 தவணையில் முடிய வேண்டியது 266 வரை இழுக்கும்.

நான்: விட்டது 6, கூடியது 26-ஆ?!

பெரியப்பா: ஆரம்ப வருடங்களில் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் நித்யா. அதனால்தான் இந்த அடி. கடன் முடியும் தறுவாயில் இருந்தவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சித்தப்பா: அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் என் கடன் கணக்கில் ஏதோ பணம் போட்டதாக மெசேஜ் வந்ததே?

பெரியப்பா: வட்டிக்கு வட்டி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும், 2 கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நான் சொன்ன 30 லட்சத்துக்கு 2,000 ரூபாய் சொச்சம்தான். ஒழுங்காகக் கட்டினவர்களுக்கும் கொடுத்தார்கள், அதில்தான் உனக்கும் வந்தது. வட்டியையே ரத்து செய்யுங்கள் என்று கேட்டதை 2021 மார்ச்சில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சித்தப்பா: நமக்கு 2,000. கடன் கொடுக்கிற கம்பெனிகளுக்கு ஆயிரம் கோடிக் கணக்கில்!

பெரியப்பா: கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் தேசிய வீட்டுவசதி வங்கி மூலம் தர ரிசர்வ் வங்கி 10,000 கோடி ஒதுக்கியது. மே மாதம் நிதி நிறுவனங்களுக்கும் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் 30,000 கோடித் திட்டம். ஆனால் இரண்டும் இனாம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டிய பணம். அவர்களிடம் பணம் நின்றுபோனால் புதுக்கடனும் நின்றுபோகும்.

சித்தப்பா: பேங்க் சம்பளம் வாங்கின வாய், வேறு எப்படிப் பேசும் 😄

சுதா அக்கா: சித்தப்பா, இங்கே அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். 2008 செப்டம்பரில் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்று வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் இரண்டு பெரிய கம்பெனிகளையும் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. மொத்தம் 19,100 கோடி டாலர் போட்டது. பிறகு ஈவுத்தொகையாக அதற்கு மேலேயே வசூலித்துக்கொண்டது, அது வேறு கதை. வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு 2009-இல் ஒரு திட்டம் வந்தது. மாதத் தவணையை வருமானத்தில் 31 சதவீதத்துக்குக் குறைப்போம், 30 முதல் 40 லட்சம் பேருக்கு உதவுவோம் என்றார்கள். அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. அனுப்பின காகிதம் காணோம், திரும்ப அனுப்பு என்றே பலரை அலைய விட்டார்கள்.

நான்: கொரோனாவில்?

சுதா அக்கா: அது பரவாயில்லை. அரசு ஆதரவுள்ள கடன்களுக்கு 180 நாள் விலக்கு, கேட்டால் இன்னொரு 180 நாள். விட்ட தவணைகளை நிறையப் பேருக்குக் கடனின் கடைசியில் வைத்துவிட்டார்கள். 2021-இல் தவிக்கிற வீட்டுக்காரர்களுக்கென்றே சுமார் 1,000 கோடி டாலர் நிதியும் வந்தது.

வள்ளி அத்தை: அமெரிக்கா இருக்கட்டும் சுதா. நம் ஊரில் இப்போது ஒன்றுமே இல்லையா அண்ணா?

நான்: புதிதாக வாங்குகிறவர்களுக்கு இருக்கிறது அத்தை. பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0. வருட வருமானம் 9 லட்சத்துக்குள், எங்கேயும் சொந்த வீடு இருக்கக் கூடாது. 25 லட்சம் வரை கடன் வாங்கலாம், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், 5 தவணையாக வரும். ஆனால் வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நானும் தேடிப் பார்க்கிறேன், கூடுவாஞ்சேரி தாண்டியும் பேரம் படியவில்லை 😩

வள்ளி அத்தை: அப்போ கார்த்திக்கு எதுவும் கிடைக்காதா?

கார்த்தி: அம்மா!!!

பெரியப்பா: கார்த்தி, என்ன விஷயம்?

கார்த்தி: வேலை போய்விட்டது மாமா. எங்கள் டீமையே எடுத்துவிட்டார்கள். ஊரப்பாக்கம் ஃபிளாட்டுக்கு 2 தவணை நிற்கிறது.

சித்தப்பா: ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். இதை ஃபார்வேர்டு வந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கார்த்தி: அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தேன் சின்ன மாமா.

பெரியப்பா: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணை தவறி எத்தனை நாள் ஆகிறது?

கார்த்தி: 50 நாள் இருக்கும்.

பெரியப்பா: நல்லவேளை. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் விடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டைக் கையகப்படுத்த வழக்குப் போட வேண்டியதில்லை. ஜாமீன்தாரரின் சிபில் ஸ்கோரும், அதாவது கடன் மதிப்பெண்ணும், சேர்ந்து விழும். கடன் எதில்? வங்கியா, வீட்டுக்கடன் கம்பெனியா?

கார்த்தி: கம்பெனி. 2018-இல் வாங்கியது. வட்டி இன்னும் 9.6.

பெரியப்பா: அங்கேதான் வழி இருக்கிறது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனின் வட்டி. 2025-இல் மட்டும் அது 6.50 சதவீதத்திலிருந்து 5.25 ஆகிவிட்டது. வங்கியில் 2019 அக்டோபருக்குப் பிறகு வாங்கின மிதக்கும் வட்டிக் கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு ஓடும். கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கேட்டால்தான் குறைப்பார்கள். சின்னக் கட்டணம் கட்டி இன்றைய வட்டிக்கு மாற்றித் தரச் சொல். கூடவே காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடு. தருவது அவர்கள் விருப்பம், கடன் வரலாற்றில் மறுசீரமைப்பு என்று பதிவும் ஆகும். வீடு போவதற்கு அது மேல்.

கார்த்தி: கலெக்‌ஷன் ஆள் ராத்திரி 9 மணிக்கெல்லாம் கூப்பிடுகிறான் மாமா.

பெரியப்பா: காலை 8-க்கு முன்னாலும் மாலை 7-க்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. எழுதிக் கொடுத்தும் 30 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் கொடுக்கலாம்.

வள்ளி அத்தை: என் வளையல் இருக்கிறது, ஒரு தவணைக்கு ஆகும்.

பெரியப்பா: அதில் இப்போதே கை வைக்காதே. கார்த்தி, நாளைக்கு 10 மணிக்குக் கிளைக்குப் போவோம். கடன் ஸ்டேட்மென்ட், வேலையை விட்டு அனுப்பின கடிதம், 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாவற்றிலும் 2 நகல். மனுவை வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை குத்தி வாங்க வேண்டும்.

சித்தப்பா: நானும் வருகிறேன். காலம் நீட்டினால் ஜாமீன் கையெழுத்து திரும்பக் கேட்பார்கள்.

கார்த்தி: சரி சின்ன மாமா. ஊரப்பாக்கம் கிளை இல்லை, தாம்பரம் கிளைக்கு வந்துவிடுங்கள்.