மறு: பாடி பர்டன் - தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பாடி பர்டன்னா ஒரு பொருள் இந்த நேரத்துல உடம்புக்குள்ள மொத்தமா எவ்ளோ சேந்து கிடக்குங்கற அளவு. அதுக்குத் தமிழ்ச் சொல் தேடறப்போ, டெல்லி மயூர் விஹார் அக்கா நேத்து கேட்டது இது:

> துண்டறிக்கை தீபாவளிக்கு முன்னாடி அச்சுக்குப் போகணும். பாடி பர்டனுக்கு உடற்சுமைன்னு போட்டுடலாமா? சிகரெட், சாராயம், காரீயம் (லெட்) எல்லாத்துக்கும் ஒரே சொல்லா இருந்தா நல்லாருக்கும்.

உடற்சுமை வேணாங்க்கா. முனிர்கா பஸ் ஸ்டாப்புல யார் கையில குடுத்தாலும் வெயிட் குறைக்கற விளம்பரம்னுதான் நினைப்பாங்க. ஆர்.கே.புரம் சார் சொன்ன நச்சுச்சேர்மமும் ஒத்துவராது, சேர்மம்னா பள்ளிக்கூட கெமிஸ்ட்ரில காம்பவுண்டு, அத இங்க இழுத்தா படிக்கற பசங்களுக்குக் குழப்பம்.

என் ஓட்டு நஞ்சிருப்புக்கு. கையிருப்பு, சரக்கு இருப்புன்னு ரேஷன் கடை போர்டு வரைக்கும் பழகின சொல். இன்னைக்கு எவ்ளோ உள்ள போச்சுங்கறது இல்ல கேள்வி, இந்த நேரத்துல உடம்புக்குள்ள மொத்தமா எவ்ளோ கிடக்குங்கறதுதான்.

காரீயத்தையே பாருங்க. ரத்தத்துல இருக்கறது பாதியா குறைய ஏறக்குறைய ஒரு மாசம், அதனால பிளட் டெஸ்ட்டு பெரும்பாலும் சமீபத்துல உள்ள போனதத்தான் காட்டும். ஆனா உடம்பு காரீயத்தைக் கால்சியம்னு ஏமாந்து எலும்புக்குள்ள கொண்டுபோய் வெச்சுடுது, பெரியவங்க உடம்புல இருக்கற காரீயத்துல 90 சதவீதத்துக்கு மேல எலும்புலதான், அங்க அது வருஷக்கணக்கா, பத்து இருபது வருஷம்கூட அசையாம கிடக்கும், அப்புறம் ஒரு பொண்ணு கர்ப்பமா இருக்கறப்போ குழந்தைக்காக எலும்புலருந்து கால்சியம் கரைஞ்சா இதுவும் கூடவே கிளம்பி தொப்புள்கொடி வழியா உள்ள போயிடும். நம்ம நாட்டுல காரீயம் கலந்த பெட்ரோல் 2000-லதான் முழுசா நின்னுச்சு. அந்தப் புகைய ரிங் ரோட்டுல சுவாசிச்சு வளர்ந்தவங்களோட இருப்பு இன்னும் தீர்ந்திருக்காது. வயசான காலத்துல எலும்பு தேயறப்பவும் இதே கதைதான்.

சிகரெட்டு பீடில ரெண்டு கணக்கு இருக்கு. விட்டுட்டா கார்பன் மோனாக்சைடு ஒரு நாளுக்குள்ள ரத்தத்தை விட்டுப் போயிடும், நிகோடின் ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ பாதியாகும். புகைல வர்ற காட்மியம்ங்கற நச்சு உலோகம் அப்படிப் போகாது. புகையிலைச் செடி மண்ணுல இருக்கற காட்மியத்தை உறிஞ்சி இலைல சேத்து வெக்கற ஜாதி, புகையோட நுரையீரலுக்கு வந்து கடைசில கிட்னில உக்காந்துக்கும், அங்க பாதி குறையவே 10-லருந்து 30 வருஷம் ஆகும். பீடிய விட்டவர்கிட்ட "எல்லாம் கிளீன் ஆயிடும்"னு எழுதறது பொய், விட்டா புதுசா ஏறாதுன்னு எழுதுங்க, அதுவே பெரிய லாபம்தான்.

ஆனா சாராயத்த இந்தச் சொல்லுக்குள்ள தயவுசெஞ்சு அடைக்காதீங்க. கல்லீரல் மணிக்கு ஒரு ஸ்மால் கணக்குல எரிச்சுத் தள்ளிடும், அடுத்த நாள் சாயங்காலம் பாத்தா இருப்பு ஒண்ணும் இருக்காது. போற வழியில அசிட்டால்டிஹைடுங்கற நச்சுப்பொருளா மாறி டி.என்.ஏ.வக் கெடுத்துட்டுப் போறதுதான் வில்லங்கம். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை 1988-லயே புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானதுங்கற முதல் குரூப்ல சேத்தாச்சு. சரக்கு தங்கறதில்ல, ஆனா கல்லீரல்ல தழும்பு விழும், சிரோசிஸ்ங்கறது அதான். நஞ்சிருப்புன்னு இதுக்கும் போட்டா "ரெண்டு நாள் குடிக்கல, இருப்பு காலி"ன்னு நம்மாளுங்க கணக்கு போட்டுடுவாங்க, கேக்கவா வேணும். இதுக்கு நச்சுத்தழும்புன்னு தனியா வெக்கலாம்.

-----

ஆர்.கே.புரத்துலருந்து:

தம்பி, இருப்பு சரி. நஞ்சுதான் இடிக்குது. துத்தநாகம், செம்பு, இரும்பெல்லாம் உடம்புக்குத் தேவை, அதுங்களோட மொத்த அளவையும் இதே பேர்லதான் சொல்லணும். உடலிருப்புன்னு வைப்போம், முன்னாடி பொருளோட பேர் வரட்டும்: காரீய உடலிருப்பு, காட்மிய உடலிருப்பு. நச்சுத்தழும்புக்கு நான் ஒத்துக்கறேன்.

-----

மயூர் விஹாருலருந்து:

சார் சொல்றது சொற்பட்டியலுக்கு ஓகே. துண்டறிக்கைல நஞ்சிருப்புன்னே போடறேன், படிக்கறவங்களுக்குக் கொஞ்சம் பயம் வரட்டும். இன்னொண்ணு, பழைய டிராஃப்ட்ட கரோல் பாக் மாமி ஒருத்தங்க பாத்துட்டு, ஈயச்சொம்புல இனிமே ரசம் வெக்கலாமா கூடாதான்னு போன் பண்ணிட்டாங்க. என்ன சொல்லட்டும்?

-----

அக்கா, டிராஃப்ட்டுல வெறும் ஈயம்னு இருக்கற எடத்தையெல்லாம் காரீயம்னு மாத்திடுங்க. ரசச்சொம்பு வெள்ளீயம் (டின்), அது வேற உலோகம், பித்தளைக்குப் பூசறதும் அதான். ஆனா காரீயம் கலந்த மட்டச் சொம்பும் விக்கறாங்க, கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாமிகிட்ட எங்க வாங்கினதுன்னு கேளுங்க, சந்தேகமா இருந்தா லேப்ல குடுத்துப் பாக்கற வரைக்கும் ரசம் எவர்சில்வர்லயே கொதிக்கட்டும்.