டர்பனில் ஆடியில்தான் மஞ்சள் வெட்டு

ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், மஞ்சள் நட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணி, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ வந்த முதல் ஆண்டே, அந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டின் கொல்லையில் வைகாசி மாதம் விதைக்கிழங்கை ஊன்றிவிட்டேன். ஊரில் வைகாசி, ஆனியில் நட்டுத் தை, மாசியில் வெட்டுவார்கள். இங்கே வைகாசியோடு குளிர் தொடங்கிவிடுகிறது. மண் சூடேறாமல் மஞ்சள் முளைக்காது. முளையைக் காணோமே என்று நாள்தோறும் நீர் ஊற்றியதில் பாதிக் கிழங்கு அழுகிப்போயிற்று. மிஞ்சியவை ஐப்பசி மழைக்குப் பிறகே தலைகாட்டின. பொங்கலன்று ஆசையோடு ஒரு தூரைத் தோண்டினால், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வெளிறிய கிழங்குகள்தாம் இருந்தன. அன்று நான் அழுதேன்.

அடுத்த வீட்டு ஆயாதான் வழி சொன்னார். 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர் அவர். “ராத்திரிக்குப் போர்வை வேண்டாம்னு தோணுறப்போ நடு, கண்ணு” என்றார்.

அவர் சொற்படி அடுத்த முறை புரட்டாசிக் கடைசியில் நட்டேன். எங்கள் மண் களிமண். கோடை மழையும் இங்கே கனமாகப் பெய்வதால், நீர் தேங்காதபடி ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து, மட்கிய சாணமும் மணலும் கலந்து, முளைக்கணு தெரியும் துண்டுகளை இரண்டங்குல ஆழத்தில் வைத்தேன். கிழங்கு வெளியே தெரியும்போதெல்லாம் மண் அணைத்தேன். இதை விட்டுவிட்டால் கிழங்கு பச்சையாகிவிடும். ஜொகானஸ்பர்க்கில் உறைபனி விழுவதால், அங்குள்ள என் தோழி பெரிய தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் நீர் விடாமல் கூரையின் கீழ் நகர்த்திவிடுகிறாள்.

இலைகள் முற்றும் காய்ந்து சாய்ந்த பிறகு, ஆடியில் வெட்டினோம். விரல் மஞ்சளைப் பிரித்தெடுத்து, ஈர்க்குச்சி இறங்கும் பதம்வரை முக்கால் மணி நேரம் வேகவைத்துக் காயப்போட்டோம். டர்பனின் குளிர்காலத்தில் மழை குறைவு, வெயில் தெளிவு. இரண்டே வாரத்தில் மஞ்சள் ஒடிக்கும் பதத்துக்கு வந்தது. தாய்க்கிழங்குகளை விதைக்கென்று மணலில் புதைத்து, அவற்றில் பாதியை ஆயாவுக்குக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் பொங்கலுக்கு ஒரே ஒரு செடியை மட்டும் வேரோடு பிடுங்கிப் பானையின் கழுத்தில் கட்டுகிறேன். ஊரில் கட்டும் கொத்தில் கிழங்கு முற்றியிருக்கும். இங்கே கிழங்கு இளசு, இலையோ கரும்பச்சை; சூடேறிய பானையில் பட்டதும் அதன் வாசனை அடுப்படி முழுவதும் பரவுகிறது.