ஃபோர்க்லிஃப்ட் விபத்தைத் தடுக்க உங்கள் அனுபவம் தேவை

நண்பர்களே, வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2.5 டன் வரை சரக்கைத் தூக்கி நகர்த்தும் டீசல் வண்டிகள், அதாவது ஃபோர்க்லிஃப்ட், மூன்று ஓடுகின்றன. போன வாரம் ஒன்று திரும்பும்போது அதன் பின்பக்கம் வீசி, பேலட் (சரக்கு வைக்கும் பலகை) அடுக்கிக்கொண்டிருந்த தம்பியின் காலை ரேக்கோடு நசுக்கியது. ஷூவின் இரும்பு முனை காப்பாற்றியது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

சுமை கண்ணை மறைத்தால் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும், ஃபோர்க்கை (சுமை தாங்கும் முன்பக்க இரும்புக் கரங்களை) அரை அடிக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, வண்டி சாய்ந்தால் வெளியே குதிக்காமல் பெல்ட்டோடு உள்ளேயே இருக்க வேண்டும். இதெல்லாம் டிரைவர்களுக்குத் தெரியும். பயம் நடந்து போகிறவர்களை நினைத்துத்தான். பின்சக்கரம் திரும்பும் வண்டி எவ்வளவு தூரம் வீசும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. மஞ்சள் கோடு போட்டோம். லாரிகள் நெருக்கும் மாலை நேரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இரைச்சலில் ஹாரனும் கேட்பதில்லை.

இப்போதைக்கு ஒரு செலவுக்குத்தான் நிர்வாகத்திடம் கேட்க முடியும். நடைபாதைக்கு இரும்புத் தடுப்பா, வண்டி வருவதைக் காட்ட அதற்கு முன்னும் பின்னும் தரையில் ஒளி வீசும் நீல விளக்கா? உங்கள் இடத்தில் எது பலன் தந்தது? அப்புறம், ஒப்பந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஒடியாவிலோ இந்தியிலோ பாதுகாப்புப் படம், வீடியோ இருந்தால் அனுப்புங்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்திலேயே காட்டிவிடுகிறேன்.