பராகுவே பயணம்: மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் எந்த வழியில் போகலாம், என்ன சாப்பிடலாம்?

மேகமலை கேட்டது:

ஜூன் 20 வாக்கில் இக்வாசு அருவியைப் பார்க்க, பிரேசில் எல்லையில் இருக்கும் ஃபோஸ் தோ இக்வாசு வரை போகிறோம். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. எல்லாரும் போகிற அர்ஜென்டினா பக்கம் திரும்பாமல், பாலத்தைத் தாண்டி பராகுவேக்குள் போகலாம் என்று எண்ணம். ஊர் பார்ப்பதைவிட அந்த நாட்டின் பழைய சாப்பாட்டை அது பிறந்த இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அப்பா மாடு, பன்றி தொடமாட்டார். கோழி, மீன் சாப்பிடுவார். அம்மா முட்டை வரைக்கும்தான். தேடிப் பார்த்தால் எல்லாமே மாட்டிறைச்சியாகத் தெரிகிறது. பஸ்ஸில்தான் போவோம். எந்த வழி சரிவரும், எந்த ஊரில் எதை விடக்கூடாது, அவர்கள் இருவருக்கும் எதைக் கேட்டு வாங்கலாம்? சிப்பா என்கிற ரொட்டியைத் திரும்பி வந்து வீட்டில் செய்ய முடியுமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரை:

நல்ல மாதம் பார்த்திருக்கிறீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஜூன், ஜூலையில் பகலில் இதமாக இருக்கும். ஆனால் தெற்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் ஓரிரு நாளைக்கு நன்றாகவே குளிரும். பல தங்குமிடங்களில் ஏசி உண்டு, ஹீட்டர் இருக்காது. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.

வழி ஒரு முக்கோணம். பாலத்தைத் தாண்டியதும் வரும் பராகுவே ஊரான சியுதாத் தெல் எஸ்தேயிலிருந்து 6-ஆம் எண் சாலையில் தெற்கே எங்கர்னாசியோன், சுமார் 280 கிலோமீட்டர். அங்கிருந்து 1-ஆம் எண் சாலையில் தலைநகர் அசுன்சியோன், 370 கிலோமீட்டர். திரும்ப 2-ஆம் எண் சாலையில் எல்லைக்கு, ஏறக்குறைய 330. 1, 2 ஆகிய இரண்டு சாலைகளிலும் சிப்பாவுக்குப் பேர்போன ஊர்கள் குறுக்கே வருவதால்தான் இந்த முக்கோணத்தைச் சொல்கிறேன்.

6-ஆம் எண் சாலையில் எங்கர்னாசியோனுக்கு 30 கிலோமீட்டர் முன்னால் திரினிதாத். 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜேசு சபைக் குடியிருப்பின் இடிபாடுகள் அங்கே இருக்கின்றன. கொஞ்சம் முன்பே வரும் பெய்யா விஸ்தா யெர்பா ஊர். ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குழலில் உறிஞ்சும் தெரெரே என்ற பானத்துக்கு வேண்டிய யெர்பா இலை அந்தச் செம்மண்ணில்தான் விளைகிறது. முன்கூட்டிக் கேட்டால் ஆலைக்குள் பார்க்க விடுவார்கள். பறித்த இலையைச் சில நொடி நெருப்பில் வாட்டி, உலர்த்தி, உடைத்து, மாதக்கணக்கில் முதிர விடுகிறார்கள். உடனே வாட்டாவிட்டால் இலை கறுத்துவிடும்.

எங்கர்னாசியோனிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் கொரோனெல் போகாதோ வரும். சிப்பாவின் தலைநகரம் என்றே அந்த ஊருக்குப் பெயர். சீருடை போட்ட பெண்கள் துணி மூடிய கூடையோடு பஸ்ஸில் ஏறுவார்கள். கூடை பக்கத்தில் வந்ததும் பாலாடைக்கட்டியும் சோம்பும் கலந்த வாசனை அடிக்கும். துணியை விலக்கி எடுத்துத் தருவது கை சுடும் சூட்டில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆறிப்போனதாக இருந்தால் அடுத்த கூடைக்குக் காத்திருங்கள். இரண்டு மணி நேரத்தில் சிப்பாவின் மேல்தோல் கல்லாகிவிடும், உள்ளே ரப்பர். மரவள்ளி ஸ்டார்ச்சின் குணம் அது. இதற்காகவே ராத்திரி பஸ் வேண்டாம், கூடைக்காரர்கள் பகலில்தான் அதிகம். 2,000, 5,000 குவாரானி நோட்டுகள் கையில் இருக்கட்டும். 1,00,000 நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது.

சிப்பாவோடு கொசீதோ கேளுங்கள். யெர்பா இலையையும் சர்க்கரையையும் தணல் போட்டுக் கருக்கி, கொதிநீர் ஊற்றி வடிகட்டியது. பால் சேர்த்தும் கிடைக்கும். காலைக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி அந்த நாட்டில் இல்லை.

அசுன்சியோனில் நான்காம் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வீரர்கள் நினைவு மண்டபத்துக்கு எதிரே லீதோ பார் என்ற பழைய கடை. அதன் மீன் சூப், பிரா கால்தோ, அப்பாவுக்கு. திரும்பும் வழியில் காகுபே பேராலயத்தைத் தாண்டியதும் எவுசேபியோ அயாலா, இரண்டாவது சிப்பா ஊர். போகாதோ சிப்பாவையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது உசத்தி என்று உள்ளூரிலேயே சண்டை உண்டு.

நீங்கள் சொன்ன தேதியில் இன்னொரு அதிர்ஷ்டம். ஜூன் 24 சான் ஹுவான் திருநாள். அதையொட்டி அந்த மாதம் முழுக்கப் பள்ளி, தேவாலய வளாகங்களில் சாப்பாட்டுக் கடைகள் போடுவார்கள். ம்பெஜூ என்ற மரவள்ளி ஸ்டார்ச் அடை, குச்சியில் சுற்றித் தணலில் சுடும் சிப்பா எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தங்கும் இடத்தில் ‘இன்று சான் ஹுவான் எங்கே’ என்று தினமும் கேளுங்கள்.

நொய்யல்:

வடகரை சொன்ன வழி சரி. இரண்டு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், இரண்டிலும் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, எல்லை. நட்புப் பாலத்தில் யாரும் உங்களை நிறுத்தமாட்டார்கள். டவுன் பஸ் நேராக ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பிரேசில் பக்கம் வெளியேறும் முத்திரை, பராகுவே பக்கம் நுழையும் முத்திரை இரண்டையும் நீங்களேதான் இறங்கிப் போய் வாங்க வேண்டும். வாங்காமல் போனால் நாட்டை விட்டு வெளியே வரும்போது அபராதம். பஸ் உங்களுக்காக நிற்காது. பெரியவர்கள் இருப்பதால் டாக்ஸி பிடித்து இரண்டு அலுவலகத்திலும் நின்று போகச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். பராகுவே விசாவை டெல்லியில் உள்ள தூதரகத்தில் இப்போதே விசாரியுங்கள். முக்கோணம் சுற்றி ஃபோஸுக்கே திரும்புவதென்றால் பிரேசில் விசா பல முறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுச் சான்றிதழைக் கையிலேயே வையுங்கள். இந்தியாவுக்குத் திரும்பும்போது அது இல்லையென்றால் விமான நிலையத்தில் தனிமைப்படுத்த முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசி சரிவருமா என்று முதலில் அவர்களுடைய டாக்டரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பன்றிக்கொழுப்பு. இறைச்சி கண்ணுக்குத் தெரியும், கொழுப்பு தெரியாது. சிப்பா, சோப்பா பராகுவாயா, ம்பெஜூ மூன்றிலும் பழைய முறை பன்றிக்கொழுப்புதான். வெண்ணெய், மார்ஜரின் போட்டுச் செய்கிறவர்களும் நிறைய. ‘தியேனே கிராசா தே செர்தோ?’ என்று கேளுங்கள். பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். ‘மந்தேக்கா’ என்று பதில் வந்தால் அந்த ஊரில் அது வெண்ணெய், வாங்கலாம். பஸ் கூடைக்காரருக்குப் பல நேரம் தெரியாது, அவர் விற்பவர் மட்டுமே. அதனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சாலையோரம் அடுப்போடு இருக்கும் கடைகளில், சுடுபவரிடமே கேட்டு வாங்குவது நல்லது.

‘கார்னே (இறைச்சி) வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ போட்டுக் கொண்டுவருவார்கள். கார்னே என்றால் அவர்கள் மனதில் மாடுதான். அம்மாவுக்காகக் கோழி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கிவெவே: மஞ்சள் பூசணியை மசித்து, மக்காச்சோள மாவும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கிண்டுவது, லேசாக இனிக்கும். இளம் மக்காச்சோளத்தை அரைத்துச் சுடும் சிப்பா குவாசூவும் ஏற்றது. இரண்டுக்கும் கொழுப்புக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கு எல்லா மேசையிலும் ரொட்டிக்குப் பதிலாக வந்துவிடும். அப்பாவுக்கு வொரி வொரி: மக்காச்சோள மாவையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி, கோழி ரசத்தில் வேகவைத்தது. மாட்டு ரசத்திலும் செய்வார்கள், கோழியா என்று உறுதி செய்துகொள்ளவும். சோயோ, பாஸ்தெல் மாந்தியோ, பயாகுவா மஸ்காதா மூன்றும் மாட்டிறைச்சி, தள்ளிவிடுங்கள்.

சோப்பா என்ற பெயரைப் பார்த்து சூப் என்று நினைத்து ஆர்டர் செய்யாதீர்கள். வெங்காயமும் பாலாடைக்கட்டியும் போட்ட மக்காச்சோள கேக் அது.

சுக்குமல்லி:

சிப்பாவை வீட்டில் செய்யலாம், மூலப்பொருளே நம்மிடம் இருக்கிறது. மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் எடுக்கும் ஸ்டார்ச்சும் அவர்கள் அல்மிதோன் என்று சொல்வதும் ஒன்றுதான். கடையில் ‘மரவள்ளி மாவு’ என்ற பெயரில் இரண்டு பொருள் விற்கிறார்கள், அங்கேதான் முதல் தவறு நடக்கும். கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவு மங்கலாக, கொஞ்சம் நாராக இருக்கும்; அதில் சிப்பா எழும்பாது. ஸ்டார்ச் பளிச்சென்று வெள்ளையாக, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் கிறீச்சிடும். அதுதான் வேண்டும்.

ஸ்டார்ச் 400 கிராம், மக்காச்சோள மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 3, பால் 100 முதல் 150 மில்லி, சோம்பு 1 டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். பாலாடைக்கட்டி மொத்தம் 250 கிராம். பராகுவே பாலாடைக்கட்டி உப்பும் லேசான புளிப்பும் உள்ளது, சூட்டில் பாதிதான் உருகும். நமக்கு 150 கிராம் பன்னீரும் 100 கிராம் மொசரெல்லாவும் சேர்ந்தால் பக்கத்தில் வரும். பன்னீர் மட்டும் போட்டால் உதிரும். மொசரெல்லா மட்டும் போட்டால் எண்ணெய் கக்கித் தட்டில் பரவும்.

வெண்ணெயைக் கையால் நுரைக்க அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, உதிர்த்த பாலாடைக்கட்டி, சோம்பு, உப்பு. அதன் பிறகு இரண்டு மாவும். பாலைக் கடைசியில், ஒரு கரண்டி ஊற்றிப் பிசைந்து பார்த்து, பிறகு அடுத்த கரண்டி. பச்சை ஸ்டார்ச் ஒரு அளவு வரை மணலாக இருக்கும், அதைத் தாண்டி ஒரு கரண்டி கூடினாலும் கூழாக ஓடிவிடும். உருட்டினால் வெடிக்காமல், கையில் ஒட்டாமல் இருப்பதே பதம். விரல் தடிமனில் திரித்து வளையமாக மூட்டுங்கள். வளையத்தில் நடுப்பகுதி வேகாமல் போகாது. பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, 220 டிகிரியில் நன்கு காய்ந்த ஓவனில் 18 முதல் 20 நிமிடம். அடுப்பு முழுச்சூடு ஏறுமுன் வைத்தால் பாலாடைக்கட்டி முதலில் உருகிவிடும், வளையம் தட்டையாகிவிடும். அங்கே தத்தாக்குவா என்ற குடிசை வடிவ மண் அடுப்பில் விறகெரித்து, தணலை வெளியே இழுத்துவிட்டு, வாழையிலை மேல் வைத்துச் சுடுகிறார்கள். வாழையிலை நம் அடுப்பிலும் நன்றாக வேலை செய்யும்.

மக்காச்சோள மாவு என்றால் ரொட்டி சுடும் மஞ்சள் மாவு. கஸ்டர்டுக்குப் போடும் வெள்ளை கார்ன்ஃப்ளவர் வேண்டாம், அதுவும் ஸ்டார்ச்தான். ஆறின சிப்பாவை மைக்ரோவேவில் வைக்காமல், மூடி போட்ட தோசைக்கல்லில் சிறுதீயில் திருப்பித் திருப்பிச் சூடு பண்ணுங்கள்.

மேகமலை:

நண்பர்களே, இவ்வளவு விவரம் எங்கேயும் கிடைக்கவில்லை, மிக்க நன்றி. கொழுப்பு விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: தெரெரே எல்லாரும் ஒரே குழலில் குடிப்பதாகப் படித்தேன். மறுத்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? ஒரு செட் வாங்கி வரலாமா?

வடகரை:

மறுக்கலாம். தலையசைத்து ‘கிராசியாஸ்’ (நன்றி) என்றால் போதும். குடித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னால் எனக்குப் போதும் என்று ஆகிவிடும், அடுத்த சுற்று உங்களுக்கு வராது. அதனால் முழுக்கக் குடித்து முடித்த பிறகே சொல்லுங்கள். கொரோனாவுக்குப் பிறகு தனித்தனி குவாம்பா (யெர்பா போட்டுக் குடிக்கும் குவளை) வைத்துக்கொள்வது சகஜமாகிவிட்டது, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் தெரெரே தனியாக அல்ல, அதில் சேரும் மூலிகை அறிவோடு சேர்த்துத்தான்.

அந்த மூலிகையைச் சந்தையில் பாருங்கள். மர உரலில் புதினாவையும் எலுமிச்சைப்புல்லையும் போட்டு, விற்கும் பெண் நாலு இடி இடித்து ஐஸ் தண்ணீர்க் குடுவையில் போட்டுத் தருவார். எதற்கென்று கேட்பார். சும்மா குளிர்ச்சிக்கு என்று சொல்லி இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றில் சிறுநீர் பெருக்கும் வகைகள் உண்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு வேண்டாம்.

குவாம்பாவில் முக்கால் பங்கு யெர்பா, குழலைச் செருகிய பிறகு கிளறவே கூடாது, தூள் ஏறி அடைத்துக்கொள்ளும். முதல் ஊற்றலை இலை குடித்துவிடும். அது புனித தோமாவுக்கு என்று விட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வேண்டாம், காப்பி போலவே தூக்கத்தைக் கெடுக்கும்.

வாங்குவதென்றால், மாட்டுக்கொம்புக் குவாம்பாதான் பெரும்பாலும் காட்டுவார்கள். வீட்டில் அது வேண்டாமென்றால் மரத்தாலானதைக் கேளுங்கள். மரத்தை நேரடியாகப் பயன்படுத்தினால் வெடிக்கும். முதலில் ஈர யெர்பாவை நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்து, சுரண்டிக் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு முறை குடித்ததும் இலையைக் கொட்டிவிடுங்கள், ராத்திரி முழுக்க உள்ளே கிடந்தால் பூசணம் பிடித்துவிடும்.