ஹெபடைடிஸ் பி சிரோசிஸ்: வைரஸ் தெரியலன்னா மாத்திரைய நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி வைரஸால சிரோசிஸ் (லிவர்ல தழும்பு விழுந்து இறுகிப்போறது), வைரஸ அடக்கற டெனோஃபோவிர் மாத்திரை எடுக்கறார், இப்ப ரத்தத்துல வைரஸ் அளவு பாக்கற டிஎன்ஏ டெஸ்ட்ல வைரஸே தெரியல, அதனால மாத்திரை போதும்னு அடம்பிடிக்கிறார். நிறுத்தலாமா? லிவர் சரியாகுமா?

பதில்: தயவுசெஞ்சு நிறுத்த விடாதீங்க. ரத்தத்துல தெரியலன்னாலும் லிவர் செல்லுக்குள்ள வைரஸோட டிஎன்ஏ இருந்துட்டேதான் இருக்கும், மாத்திரைய விட்டா திரும்ப கிளம்பும், சிரோசிஸ் உள்ளவங்களுக்கு அது லிவர் ஃபெயிலியர் வரைக்கும் கொண்டு போயிடலாம். பொதுவா ஆயுசுக்கும் எடுக்கணும்.

பதில்: நம்பிக்கையா இருங்க. 2013ல வந்த டெனோஃபோவிர் ஆய்வுல 5 வருஷம் கழிச்சு பயாப்சி (லிவர்ல சின்ன துண்டு எடுத்து பாக்கறது) பண்ணப்போ, ஆரம்பத்துல சிரோசிஸ் இருந்த 96 பேர்ல 71 பேருக்கு தழும்பு குறைஞ்சு சிரோசிஸ் நிலையே இல்ல. இந்த மாத்திரை சிலருக்கு கிட்னிய பாதிக்கலாம், அதனால கிட்னி டெஸ்ட்டும் பாத்துக்கோங்க.

பதில்: மாத்திரை எடுத்தா லிவர் கேன்சர் ரிஸ்க் குறையும், ஆனா முழுசா போகாது, 6 மாசத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் கட்டாயம். எங்கம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி-ங்கற வேற வைரஸால சிரோசிஸ், 12 வார மாத்திரையில வைரஸ் போயிடுச்சு, அப்பவும் ஸ்கேன் தொடருதுங்க.