மறு: தச்செறும்பா, கட்டெறும்பா, வில்முதுகா?

வணக்கம் நண்பர்களே,

ஆங்கிலத்தில் 'கார்பென்டர் ஆன்ட்' (தச்சர் எறும்பு) எனப்படும் எறும்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, தச்சன் எறும்பு, தச்செறும்பு, மரங்குடை எறும்பு என்று இதுவரை மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே ஆங்கிலப் பெயரை வைத்துச் செய்தவை. எறும்பை ஒருக்கால் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

எதற்குப் பெயர் தேடுகிறோம்? காம்போனோட்டஸ் என்ற சாதிக்கு. (தமிழ்நாட்டு நண்பர்கள் 'பேரினம்' என்று வாசிக்கவும். இலங்கையில் நாங்கள் வருணம், குடும்பம், சாதி, இனம் என்றுதான் படித்தோம். அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.) 1861இல் குஸ்தாவ் மாயர் நிறுவிய சாதி இது. உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். ஐரோப்பாவின் லிக்னிபெர்டா, வட அமெரிக்காவின் பென்சில்வேனிகஸ் போன்றவை மரத்தைக் குடைந்து அறை செய்து வாழ்கின்றன. தச்சர் என்ற பெயர் வந்தது அவற்றால்தான்.

இனி வன்னிக்கு வாருங்கள். ஒட்டுசுட்டானில் எங்கள் வளவுப் பாலைமரத்தடியில் இருப்பது காம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ். 1787இல் ஃபப்ரீசியஸ் விவரித்த இனம், இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக உண்டு. கறுத்துப் பெருத்த எறும்பு. இது வீடு கட்டுவது மண்ணுக்குள்ளே, பெரும்பாலும் மரத்தின் அடியில். பகலில் பயற்றங்கொடியில் ஏறி, அழுக்கணவன் (அசுவினிப் பூச்சி) விடும் இனிப்புச் சாற்றைக் குடித்துவிட்டு இறங்கும். உளியும் இல்லை, வாளும் இல்லை. இதைத் தச்சன் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளை சிரிக்கும். ஒரே புற்றில் பெருந்தலையும் சிறுதலையுமாக வேலையாட்கள் இருப்பதால் இரண்டு வகை என்று நினைப்பவர்களும் உண்டு. நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தச்சன் என்ற பெயரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேட்டவர் உடனே 'அப்ப இது மரம் தின்னுமோ?' என்பார். தின்னாது. மரத்தில் வாழும் இனங்கள்கூட மரத்தைக் குடைந்து தூளை வெளியே தள்ளுமே ஒழிய உண்பதில்லை. மரம் தின்பது கறையான். எங்கள் வீட்டு முகட்டு வளையை மாற்ற வந்த ஓடாவியார் (தச்சரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இதை ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, கறையான் திண்ட இடத்தில மண் கிடக்கும். எறும்பு இருந்த இடம் கூட்டி விட்ட மாதிரிக் கிடக்கும், கீழே தூள்தான் கொட்டியிருக்கும்." அவரிடம் தச்செறும்பு என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "அதென்ன, என்ர ஆளோ?" என்றார்.

சரி, 'கட்டெறும்பு' என்றே வைத்துவிடலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை அறியாத தமிழர் யார்? ஆனால் எங்கள் பக்கத்தில் கட்டெறும்பு என்ற ஒரே பேருக்குள் இரண்டு சாதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று காம்போனோட்டஸ். இதற்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, வயிற்று நுனியால் போமிக் அமிலம் பீச்சும். மற்றது டயகம்மா, வேறு உபகுடும்பம். அதற்குக் கொடுக்கு உண்டு, குத்தினால் கை கடுக்கும். ஆகவே கட்டெறும்பைச் சாதிக்குப் பெயராக்கினால் வகைப்பாடு குழம்பும். கம்ப்ரெஸஸ் என்ற ஓர் இனத்துக்கு மட்டும் அதை உரிமையாக்கினால் குழப்பம் குறையும்.

சாதிக்கு என் முன்மொழிவு வேறு. காம்போனோட்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'வளைந்த முதுகு' என்றுதான் பொருள். எறும்பைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்: பெரும்பாலான இனங்களில் தலைக்குப் பின்னிருந்து இடுப்பு வரை முதுகு ஒரே வளைவாக, பள்ளமில்லாமல், வில் போல இறங்கும். களத்தில் அடையாளம் காண உதவும் குறிகளில் இதுவும் ஒன்று. 'கூனெறும்பு' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கூன் என்றால் குறை சொல்வது போல இருக்கிறது, மந்தரையின் நினைவும் வருகிறது. 'வளைமுதுகு' பரவாயில்லை, ஆனால் எங்கள் ஊரில் வளை என்றால் முகட்டு மரம். ஆகவே 'வில்முதுகெறும்பு'. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடைமொழி சேர்த்தால் இனப்பெயர்கள் எளிதாக வந்துவிடும். வயிற்றில் பொன்னிறப் பூமயிர் மினுங்கும் செரிசியஸ் ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வரை பரவிய இனம். இலத்தீனில் செரிசியஸ் என்றால் பட்டுப் போன்றது. ஆகவே 'பட்டு வில்முதுகெறும்பு'. இதுவும் மண்ணில்தான் வாழ்கிறது. உணவு கண்ட எறும்பு, இன்னொன்றைப் பின்னால் தொட்டபடி வரச்செய்து இரண்டிரண்டாகக் கூட்டிப் போகும். அந்த நடைக்கும் ஒரு சொல் வேண்டும். 'இணையோட்டம்' என்பது என் கையிருப்பு.

தச்செறும்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. லிக்னிபெர்டா போல மரம் குடைபவற்றைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கையில் அது பொருந்தும். இலங்கை வாசகருக்கு எழுதினால் 'ஓடாவி எறும்பு' என்றும் போடலாம்.

கொலோபோப்சிஸ் 2016இல் காம்போனோட்டசிலிருந்து பிரிந்து தனிச் சாதியாகிவிட்டது. எனவே சொற்பட்டியலில் அதைத் தனி வரியாக வைக்க வேண்டும். அதற்கு என்னிடம் இன்னும் சொல் இல்லை.

ஒரு கேள்வியும் உண்டு. எங்கள் ஊரில் கட்டெறும்பு 'கடித்தது' என்பவர்களும் இருக்கிறார்கள், 'குத்தினது' என்பவர்களும் இருக்கிறார்கள். மன்னார், வவுனியா, தஞ்சாவூர், கோவைப் பக்கத்தில் எப்படிச் சொல்வீர்கள்? எந்த ஊரில் எந்த வினைச்சொல் என்று எழுதுங்கள். அப்புறம் டயகம்மாவுக்குப் பெயர் தேடுவோம்.